வாய்தா நோட்டும் தகரத் தடுப்பும்

பாரிமுனை சிக்னலில் காலை ஒன்பதரைக்குச் சற்று நேரம் நின்றால் சென்னையின் பாதி அந்த வழியாகப் போவதுபோல இருக்கும். கடற்கரை ஸ்டேஷனில் இறங்கிய கூட்டம் ஒரு பக்கம். கறுப்புக் கோட்டை முழங்கையில் மடித்துப் போட்டுக்கொண்டு உயர்நீதிமன்ற வாசலுக்கு ஓடும் வக்கீல்கள் ஒரு பக்கம். கோடவுன் தெருவில் துணி எடுக்க விடிகாலை பஸ் பிடித்து வந்த வெளியூர்க் கடைக்காரர்கள் இன்னொரு பக்கம். இவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நடையைத் தளர்த்துகிறார்கள். நேற்றுவரை நடைபாதை இருந்த இடத்தில் இன்று நீலத் தகரம் வரிசையாக நிற்கிறது. உள்ளே என்ன நடக்கிறது, எத்தனை நாளைக்கு, எப்படிச் சுற்றிக்கொண்டு போவது?

மறுநாள் நாளிதழில் இதற்குப் பதில் வராது. மாநிலம் முழுவதற்கும் அச்சாகும் ஒரு தாளுக்கு இருபதடிப் பள்ளம் ஒரு செய்தியே இல்லை. அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போக வேண்டியவருக்கோ அன்றைக்கு அதைவிடப் பெரிய செய்தி கிடையாது. ஊர்ச் செய்தித் தளம் ஒன்றைத் தொடங்க நினைப்பவர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது இந்த இடைவெளியைத்தான். முதலமைச்சர் பேச்சையும் சினிமாச் செய்தியையும் எடுத்து ஒட்டிப் பக்கத்தை நிரப்பும் தளங்கள் ஏற்கெனவே ஏராளம். தகரத்துக்குப் பின்னால் என்ன என்று சொல்ல ஆள் இல்லை.

இந்த அத்தியாயம் நடுநகரத்தைப் பற்றியது. குடியிருப்புப் பகுதிக்குச் செய்தி சேகரிப்பது வேறு கலை. அதற்குச் சென்னையிலேயே நல்ல முன்னோடி உண்டு: வின்சென்ட் டிசோசா 1994-இல் தொடங்கிய ‘மயிலாப்பூர் டைம்ஸ்’. வீட்டு வாசலில் இலவசமாக வந்து விழுந்த அந்த வாரத்தாள், பேட்டைக் கடைகளின் விளம்பரத்தை வைத்தே நின்றது. கோயில் தேர், பள்ளி ஆண்டு விழா, குப்பைத் தொட்டி, கோலப்போட்டி என்று அது எழுதியதெல்லாம் அங்கேயே குடியிருப்பவர்களுக்காக. பாரிமுனையில் அந்தக் கணக்கு செல்லாது. பகலில் அங்கே நடமாடுபவர்களில் பெரும்பாலோர் இரவில் வேறு எங்கோ தூங்குகிறார்கள்.

யாருக்காக எழுதுவது

நடுநகரத்தில் மூன்று வகை ஆட்கள். மாடிகளில் தலைமுறையாகக் குடியிருப்பவர்கள்; ஏழுகிணறு, சவுகார்பேட்டை, மண்ணடிச் சந்துகளில் கீழே கடையும் மேலே வீடுமாக இருப்பவர்கள் இந்தக் கணக்கில் வருவார்கள். அடுத்தது தினமும் வேலைக்கு வருபவர்கள்: குமாஸ்தா, வக்கீல், கடைப்பையன், மீன்பாடி வண்டி ஓட்டுபவர், பார்சல் ஆபீஸில் மூட்டை ஏற்றுபவர். மூன்றாவது, என்றோ ஒருநாள் வந்து போகிறவர்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆண்டர்சன் தெரு, பேன்சிப் பொருள் வாங்கக் காசிச் செட்டித் தெரு, வேண்டுதலுக்குக் காளிகாம்பாள் கோயில் அல்லது கந்தகோட்டம், வாய்தாவுக்கு கோர்ட்.

குடியிருப்பவருக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பது செய்தி. வேலைக்கு வருபவருக்கு மின்சார ரயில் எத்தனை நிமிடம் தாமதம் என்பது செய்தி. வெளியூர் வியாபாரிக்கு ‘நாளைக்குக் கடைத்தெரு திறந்திருக்குமா’ என்ற ஒரே கேள்விதான். அதற்குச் சரியான பதிலை முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் தரும் தளத்தை அவர் மறக்கமாட்டார். பஸ் செலவும் ஒருநாள் வியாபாரமும் மிச்சம் அல்லவா? மொத்த வியாபாரத் தெருக்களின் விடுமுறைப் பழக்கம் அரசுக் காலண்டரில் இருக்காது. சங்கத்தின் முடிவு, மார்வாடி, குஜராத்திக் கடைகளின் பண்டிகை, அமாவாசை, ஒரு மூத்த வியாபாரி காலமானதால் அரைநாள் கடையடைப்பு என்று அது தெருவுக்குத் தெரு மாறும். ஆகவே தளத்தின் முதல் சொத்து ஒரு தெருக்காலண்டர். ஒரு வருடம் பொறுமையாக எழுதி வைத்தால் அடுத்த வருடம் அதுவே செய்தி தரும். திருப்பதிக் குடை ஊர்வலம் பாரிமுனையிலிருந்து புறப்பட்டு யானைக்கவுனியைத் தாண்டும் நாளில் எந்தத் தெரு எத்தனை மணிக்கு அடைபடும் என்பதைப் போன வருடக் குறிப்பே பாதி சொல்லிவிடும்.

தெருப்பெயர் விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. பலகையில் ‘பிரகாசம் சாலை’ என்று இருக்கும். கண்டக்டர் முதல் கடைக்காரர் வரை ‘பிராட்வே’ என்பார்கள். ‘தங்க சாலை’ என்றால் திரும்பிப் பார்ப்பவர் குறைவு, ‘மிண்ட் தெரு’ என்றால் கை காட்டாதவர் இல்லை. தலைப்பில் மக்கள் சொல்லும் பெயரும், செய்திக்குள் ஒருமுறை பலகைப் பெயரும் இருக்க வேண்டும். கூகுளில் தேடுபவர் எதைத் தட்டுவார் என்று யாருக்குத் தெரியும்?

நடுநகரத்தின் பெரிய கதைகள் பெரும்பாலும் இடமாற்றக் கதைகள். கொத்தவால் சாவடியின் காய்கறிக் கடைகள் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போயின. பிராட்வேயிலிருந்து கிளம்பிய வெளியூர்ப் பஸ்கள் 2002 நவம்பரில் அதே கோயம்பேட்டுக்குப் போயின. 2019 பிப்ரவரியில் மெட்ரோ வந்து, மண்ணடியிலும் உயர்நீதிமன்றத்திலும் நிலத்தடியிலிருந்து ஆட்கள் ஏறி வரத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறையும் எந்த டீக்கடை மூடியது, எந்த லாட்ஜ் காலியானது, எந்தச் சந்தின் வாடகை ஏறியது என்பதை உடனிருந்து எழுதி வைத்தவர்கள் குறைவு. இன்று தளம் நடத்துபவருக்கு அது ஒரு வாய்ப்பு. பிராட்வே பஸ் நிலையத்தை இடித்துப் புதிய வளாகம் கட்டும் திட்டம் ஒன்றை மட்டும் தொடக்கம் முதல் முடிவுவரை விடாமல் பின்தொடர்ந்தாலே சில வருடங்களுக்கு வேலை இருக்கும்.

தகரத்திலிருந்து செய்திவரை

சரி, அந்த நீலத் தகரத்துக்கு வருவோம். நிருபர் செய்ய வேண்டிய முதல் காரியம் போட்டோ எடுப்பது. அடுத்தது மணி பார்ப்பது. மூன்றாவது, தகவல் பலகை இருக்கிறதா என்று தேடுவது. வேலையின் பெயர், தொகை, ஒப்பந்ததாரர், தொடங்கிய நாள், முடியும் நாள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பல இடங்களில் பலகையே இருக்காது. இருக்கும் இடங்களில் பாதிக்குமேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கும். முடியும் தேதிக்கு மேலேயே ஒட்டியிருப்பதும் உண்டு; அதைத் தற்செயல் என்றே எடுத்துக்கொள்வோம்.

பலகை இல்லையா? பள்ளத்தை எட்டிப் பார்த்தால் ஓரளவு புரியும். கம்பி கட்டிப் பெட்டி வடிவில் கான்கிரீட் போட்டால் அது மழைநீர் வடிகால், மாநகராட்சி வேலை. கறுப்புக் குழாயில் நீலக் கோடு ஓடினால் குடிநீர், அதாவது மெட்ரோ வாட்டர். ஆரஞ்சுக் குழாயும் கேபிள் சுருளும் கிடந்தால் மின்வாரியமாகவோ தொலைத்தொடர்புக் கம்பெனியாகவோ இருக்கலாம். இது ஊகம் மட்டுமே. எழுதுவதற்கு முன் யாராவது ஒருவர் வாயால் உறுதியாக வேண்டும். எதிரில் டீக்கடை இருக்கும்.

‘என்னண்ணே, எதுக்கு நோண்டுறாங்க?’

‘தெர்ல சார். ட்ரெய்னேஜுன்னு சொல்றாங்க. போன மாசம் ஈ.பி.காரங்க வந்து இதே எடத்த நோண்டுனாங்க. அத மூடி இருபது நாள்தான் ஆச்சு.’

கவனமாகக் கேட்டால் டீக்கடைக்காரர் கொடுத்தது இரண்டு செய்தி. முதலாவது இன்றைய பள்ளம். இரண்டாவது, இருபது நாளுக்குமுன் மூடிய இடத்தை மறுபடி தோண்டுகிறார்கள் என்பது. இரண்டு துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததன் செலவு அதில் இருக்கிறது. முதல் செய்தியை இன்றே போடலாம். இரண்டாவதற்கு ஆதாரம் வேண்டும், அதை அவசரப்பட்டு எழுதக்கூடாது.

அடுத்த போன் வார்டு உதவிப் பொறியாளருக்கு. தெருவில் ‘ஏ.இ.’ என்றால்தான் தெரியும். உள்தெரு என்றால் வார்டு ஏ.இ. பதில் சொல்வார். பஸ் போகும் சாலை என்றால் மாநகராட்சியிலேயே பேருந்துத் தடச் சாலைகளுக்கென்று தனித்துறை, வார்டு ஏ.இ.யைக் கேட்டால் ‘எனக்குத் தெரியாது’ என்பார், அது பொய்யாக இருக்காது. இந்த வேறுபாடு தெரியாமல் மூன்று நாள் தவறான ஆளுக்குப் போன் போட்டு, கடைசியில் ‘அதிகாரிகள் பதில் அளிக்கவில்லை’ என்று எழுதும் நிருபர்கள் நிறைய.

பிறகு எழுத வேண்டியது ஐந்தே வரி. மாதிரிக்கு ஒன்று, இடமும் நாளும் கற்பனை:

‘கடைத்தெரு முனையில் கழிவுநீர்க் குழாய் மாற்றும் வேலை செவ்வாய் இரவு தொடங்கியது. நடுவில் சுமார் 20 அடி நீளத்துக்குப் பள்ளம். மீன்பாடி வண்டி, டூவீலர் போகலாம். காரும் மினி லாரியும் போக முடியாது. வெள்ளிக்குள் மூடிவிடுவதாகக் குடிநீர் வாரியப் பொறியாளர் சொன்னார். சரக்கு எடுக்க வருவோர் வண்டியைக் கிழக்கு முனையில் நிறுத்திவிட்டு வருவது நல்லது. புதன் காலை 10.15 நிலவரம்.’

கடைசி வாக்கியம்தான் இதில் முக்கியம். நாளும் மணியும் இல்லாத செய்தி வாட்ஸ்அப்பில் ஒரு வாரம் கழித்தும் சுற்றும். எப்போதோ மூடிய பள்ளத்துக்காக ஆட்கள் சுற்றிக்கொண்டு போவார்கள்.

‘வெள்ளிக்குள்’ என்று பொறியாளர் சொன்னாரே, அது எங்கே போகிறது? ஒரு நோட்டில். உயர்நீதிமன்றத்துக்குப் பக்கத்திலேயே வேலை பார்ப்பவர்களுக்குப் பொருத்தமான பெயர் வேண்டுமென்றால் அதை வாய்தா நோட்டு என்று அழைக்கலாம். எந்த அதிகாரி, எந்த நாள், எந்தத் தேதிக்குள் முடியும் என்று சொன்னார் என்பதைத் தவிர அதில் எதுவும் இருக்காது. கணினியில் வைத்தாலும் சரி, நாற்பது பக்க நோட்டில் எழுதினாலும் சரி. ஒவ்வொரு நாளும் காலையில் அன்றைய தேதியைத் திறந்து பார்த்தால் அன்றைக்குப் போக வேண்டிய இடங்கள் வரிசையாக இருக்கும்.

இதன் பலம் தெரிய ஓர் உதாரணம். எழும்பூர்–கடற்கரை இடையே நான்காவது ரயில் பாதை போடுவதற்காக, 2023 ஆகஸ்ட் 27 முதல் சிந்தாதிரிப்பேட்டைக்கும் கடற்கரைக்கும் நடுவில் பறக்கும் ரயில் நின்றது. ஏழு மாதம் என்று அறிவிப்பு. ரயில் திரும்ப ஓடியபோது 2024 அக்டோபர் மாதக் கடைசி. 14 மாதம் ஓடிவிட்டிருந்தது. நின்ற நாளிலும் ஓடிய நாளிலும் எல்லா ஊடகங்களும் எழுதின. நடுவில், வாய்தா தவறிய ஒவ்வொரு மாதமும், அந்த ரயிலை நம்பி வந்து போனவர்கள் பஸ்ஸுக்கு எவ்வளவு கூடுதலாகச் செலவழித்தார்கள், எங்கே இறங்கி எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று கேட்டு எழுத வேண்டிய கடமை யாருக்கு? அங்கேயே இருக்கும் சின்னத் தளத்துக்குத்தான்.

காகிதங்கள்

நடந்து சேகரிப்பது பாதி. மீதி, உட்கார்ந்து படிப்பது. இந்தப் பாதியைத் தட்டிக்கழிப்பவர்களின் தளம் ஆறு மாதத்தில் வெறும் விபத்துச் செய்தித் தளமாகிவிடும்.

அரசின் டெண்டர் இணையதளத்தில் மாநகராட்சி, குடிநீர் வாரிய ஒப்பந்தப்புள்ளிகள் வெளியாகின்றன. வேலை தொடங்குவதற்குப் பல வாரம் முன்பே தெருவின் பெயர் அதில் வந்துவிடும். தகரம் நிற்கும் முன்பே ‘இந்தத் தெருவைத் தோண்டப்போகிறார்கள்’ என்று எழுதும் தளத்துக்குக் கடைக்காரர்களிடம் கிடைக்கும் மரியாதையே தனி. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோடோ விற்பனைக்குக் கட்டப்படும் அடுக்ககங்களைப் பொதுவாக ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அது. இடிக்கப்பட்ட பழைய வீட்டின் இடத்தில் எத்தனை மாடி வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த ஆணையத்தின் தளம். உயர்நீதிமன்றத்தின் அன்றாட வழக்குப் பட்டியல், அதாவது காஸ் லிஸ்ட், முந்தின நாளே இணையத்தில் வந்துவிடுகிறது. ஆக்கிரமிப்பு, நடைபாதைக் கடை, பழைய கட்டடம் பற்றிய வழக்குகளில் பல இந்தத் தெருக்களைப் பற்றியவைதாம். சாலையைக் கடந்தால் கோர்ட். இந்த வசதி வேறு எந்தப் பேட்டைச் செய்தியாளருக்கும் கிடையாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது 2005-இல். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், கேள்வி கேட்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘மேற்படி தெருவில் வேலை ஏன் தாமதமாகிறது?’ என்று கேட்டால், விளக்கம் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தரத் தேவையில்லை என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘மேற்படி வேலைக்கான பணி ஆணையின் நகல், கால நீட்டிப்பு வழங்கப்பட்டிருந்தால் அந்த உத்தரவின் நகல்’ என்று கேட்க வேண்டும். இருக்கும் காகிதத்தைக் கேட்டால் காகிதம் வரும். மூடிய இருபது நாளில் மறுபடி தோண்டிய தெருவின் கதையை இரண்டு துறைகளின் சாலை வெட்டு அனுமதித் தாள்களை அருகருகே வைத்தே சொல்லிவிடலாம்.

போலீஸ் செய்தி பற்றி இரண்டு விஷயம் மட்டும். முதல் தகவல் அறிக்கைகளை, பாலியல் குற்றம் போன்ற நுட்பமான வழக்குகள் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்சநீதிமன்றம் சொன்னது; அதனால் ‘ஸ்டேஷனில் சொன்னார்கள்’ என்பதோடு நிறுத்தாமல் தாளைப் பார்க்கலாம். மற்றது, எஸ்பிளனேடு, வடக்குக் கடற்கரை, பூக்கடை, யானைக்கவுனி, ஏழுகிணறு என்று இந்தச் சின்னப் பரப்பில் இத்தனை ஸ்டேஷன்கள். எந்தத் தெரு எந்த ஸ்டேஷன் எல்லையில் வருகிறது என்று ஒரு வரைபடம் போட்டு வைத்தால் நிருபருக்கு மட்டுமல்ல, பர்ஸ் பறிகொடுத்து அலையும் வெளியூர்க்காரருக்கும் உதவும்.

காகிதத்தை மட்டுமே நம்பிய ஒரு முயற்சி என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஏட்ரியன் ஹொலவாட்டி 2005-இல் சிகாகோ நகரக் குற்றப் பதிவுகளை வரைபடத்தில் ஏற்றிப் புகழ்பெற்றார். பிறகு 11 லட்சம் டாலர் மானியத்தோடு 2008-இல் ‘எவ்ரிபிளாக்’ தொடங்கினார். கட்டட அனுமதி, உணவக ஆய்வு, குற்றம் என்று உன் வீட்டைச் சுற்றியுள்ள எல்லாப் பதிவும் தானாக வந்து குவியும். 2009-இல் எம்.எஸ்.என்.பி.சி. தளம் அதை விலைக்கு வாங்கியது. 2013 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். மூடியதற்குக் கணக்குவழக்கு சார்ந்த காரணங்கள் இருந்தன. அதைத் தாண்டி ஊர்ச் செய்தியாளர் பார்க்க வேண்டியது ஒன்று: பதிவு எத்தனை குவிந்தாலும், அந்தக் கட்டட அனுமதி மூலை மெஸ்ஸை இடிக்கப் போகிறது என்று தெருவில் நடந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

மழை வந்தால்

சியாட்டில் நகரின் மேற்குப் பகுதியில் ‘வெஸ்ட் சியாட்டில் பிளாக்’ என்று ஒரு தளம் இருக்கிறது. தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில் வேலை பார்த்த டிரேசி ரெக்கார்ட் 2005 கடைசியில் ஏதோ பொழுதுபோக்காகத் தொடங்கியது. 2006 டிசம்பரில் பெரும்புயல் அடித்து அந்த வட்டாரமே இருண்டது. எங்கே கரண்ட் வந்தது, எந்தக் கடை திறந்திருக்கிறது, எந்தச் சாலையில் மரம் விழுந்தது என்று கேட்டு ஆட்கள் அங்கே குவிந்தார்கள். அவரும் ஒவ்வொன்றாக எழுதினார். அந்தப் புயல்தான் அதைச் செய்தித் தளமாக்கியது. பிறகு வேலையை விட்டுவிட்டுக் கணவரோடு சேர்ந்து அதையே முழுநேரத் தொழிலாக்கினார். 2020 மார்ச்சில் அந்தப் பகுதியை நகரத்தோடு இணைக்கும் பெரிய பாலம் விரிசல் கண்டு மூடப்பட்டது. 2022 செப்டம்பரில்தான் திறந்தது. இரண்டரை வருடம் ஒரே பாலம் பற்றி விடாமல் எழுத ஒரு தளம் இருந்தது என்பதை நம்மூர்ப் பாலங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். யானைக்கவுனி மேம்பாலம் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தபோது, சுற்றிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர் அதன் நிலவரத்தை ஒரே இடத்தில் படித்திருப்பார்கள்?

சென்னைக்கு 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் அதே பாடத்தைச் சொன்னவை. மழை நாளில் தளம் செய்யத்தக்கது மிக எளிது, ஆனால் தூக்கம் கெடும். அரைமணிக்கு ஒருமுறை, மணியோடு, நேரில் பார்த்த இடம் மட்டும். ‘ரிசர்வ் வங்கி சுரங்கப்பாதை: காலை 7.10, முழங்கால் தண்ணீர், ஆட்டோ திரும்புகிறது.’ நேரில் பார்க்காததை, ‘வாசகர் அனுப்பியது, இன்னும் சரிபார்க்கவில்லை’ என்று போடுவதைவிடப் போடாமலே இருப்பது மேல். மழை நாளில் பழைய வெள்ள வீடியோக்கள் எல்லாம் மறுபிறவி எடுக்கும். ஒரு வீடியோவில் கடைப் பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும், பாதி பொய்கள் அங்கேயே உதிர்ந்துவிடும். பாரிமுனைக் கடைப் பலகைகளை மனப்பாடமாக வைத்திருப்பவருக்கு அதுகூட வேண்டாம்.

பணம்

இனி கசப்பான பகுதி. அமெரிக்காவில் ‘பேட்ச்’ என்ற நிறுவனம் 2007-இல் தொடங்கி, 2009-இல் ஏ.ஓ.எல். கைக்குப் போய், உச்சத்தில் ஏறக்குறைய 900 ஊர்களுக்குத் தளம் நடத்தியது. ஒரே அச்சில் வார்த்த தளம், ஊருக்கு ஓர் ஆசிரியர். விளம்பரம் செலவைத் தொடவில்லை. 2014 ஜனவரியில் வேறு கைக்கு மாறியதும் நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ‘டி.என்.ஏ.இன்ஃபோ’ கதை இன்னும் மோசம். கோடீஸ்வரர் ஜோ ரிக்கெட்ஸ் 2009-இல் தொடங்கியது. நியூயார்க்கிலும் சிகாகோவிலும் தெருவுக்குத் தெரு நல்ல நிருபர்கள். 2017-இல் நியூயார்க் ஊழியர்கள் சங்கம் அமைக்க வாக்களித்த ஒரே வாரத்தில், நவம்பர் 2 அன்று, கடையைக் கட்டினார். 115 பேருக்கு வேலை போனது. பல வருடச் செய்திகள் அன்று மாலை இணையத்திலிருந்தே மறைந்து, பிறகுதான் திரும்ப வந்தன. சிகாகோவில் வேலை இழந்த ஆசிரியர்கள் சிலர் வாசகர்களிடமே கையேந்தினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொடுத்த 1,80,000 டாலருக்கு மேலான தொகையோடு 2018 ஜூனில் ‘பிளாக் கிளப் சிகாகோ’ வெளிவரத் தொடங்கியது. லாப நோக்கில்லாத அந்தத் தளம் இன்றும் நடக்கிறது.

இதை அப்படியே பாரிமுனைக்குக் கொண்டுவர முடியாது. இங்கே சந்தா கட்டிச் செய்தி படிக்கும் பழக்கம் இன்னும் ஊறவில்லை. விளம்பரத்துக்கும் ஒரு சிக்கல்: மொத்த வியாபாரிக்குத் தெருவாசிகள் வாடிக்கையாளர் இல்லை, அவர் ஏன் விளம்பரம் தர வேண்டும்? இங்கேதான் அந்த மூன்றாவது வகை வாசகர் உதவுகிறார். ‘நாளைக்குக் கடைத்தெரு உண்டா’ என்று முந்தின மாலை தளத்தைத் திறக்கும் வெளியூர்க் கடைக்காரர்தான் மொத்த வியாபாரிக்கு வேண்டிய ஆள். அந்த ஒரு பக்கத்துக்கு மாத வாடகைபோல விளம்பரம் கேட்கலாம். எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று கணக்கிடும் விளம்பரத்தைவிட, கடை வாடகைபோல மாதம் பிறந்தால் இவ்வளவு என்று பேசுவது வியாபாரிக்கும் புரியும், தளத்துக்கும் கையில் காசு தங்கும். போணி நேரத்தில் மட்டும் போய்க் கேட்கக்கூடாது. மதியம் மூன்று மணிக்கு மேல், கல்லாவில் கூட்டம் குறைந்ததும் போக வேண்டும்.

கவுன்சிலரின் பிறந்தநாள் வாழ்த்து விளம்பரம் தேடி வரும். நல்ல தொகையும் வரும். அதை வாங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். அடுத்த மாதம் அவர் வார்டின் வடிகாலைப் பற்றி எழுதும்போது, எழுதாவிட்டாலும் சந்தேகம், எழுதினாலும் சண்டை. விளம்பரம் வாங்கப் போகிறவரும் செய்தி எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கும் சின்னத் தளத்தில் இதற்கு முழுத் தீர்வு கிடையாது. விளம்பரதாரர் பற்றிய செய்தி வந்தால் ‘இவர் நம் விளம்பரதாரர்’ என்று செய்தியின் கீழேயே போட்டுவிடும் வழக்கம் ஓரளவு காப்பாற்றும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. அவதூறுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுவரை சிறை விதிக்கலாம். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது 72-ஆம் பிரிவின்கீழ் குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டம். பெயரை விட்டுவிட்டு ‘மூன்றாவது சந்தில் தையல் கடை வைத்திருப்பவரின் மகள்’ என்று எழுதினாலும் அது அடையாளம்தான். பெரிய பத்திரிகை வாசகருக்குத் தெரியாமல் போகலாம், தெருத்தளத்தின் வாசகருக்கு உடனே தெரிந்துவிடும். இணையச் செய்தித் தளங்களையும் தொடும் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின் சில பகுதிகளை நீதிமன்றங்கள் நிறுத்திவைத்திருக்கின்றன. தொடங்கும்போதே ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. தம்புச் செட்டித் தெருவில் வக்கீலுக்கா பஞ்சம்.

தளத்தின் முகவரியை, அதாவது டொமைனை, வடிவமைத்துக் கொடுத்த பையனின் பெயரில் விட்டுவைக்கக்கூடாது. மாதம் ஒருமுறை மொத்தச் செய்திகளையும் தனியே ஒரு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வைக்க வேண்டும். டி.என்.ஏ.இன்ஃபோ நிருபர்களுக்கு அன்று மாலை நடந்தது நினைவிருந்தால் இதற்கு அலுப்பு வராது. ஒவ்வொரு செய்திக்கும் தெருப்பெயரை அடையாளச் சொல்லாகப் போட்டு வைத்தால், மூன்று வருடம் கழித்து ‘ஆண்டர்சன் தெரு’ என்று தட்டியதும் அந்தத் தெருவின் வரலாறே வந்து நிற்கும். தவறு வந்தால் பழைய செய்தியைச் சத்தமில்லாமல் மாற்றாமல், ‘இந்த நாளில் திருத்தப்பட்டது, முன்பு இப்படி இருந்தது’ என்று கீழே எழுத வேண்டும். கடைக்காரர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை. வாய்தா நோட்டில் அன்றைய தேதியில் ஒரே வரி: ‘கழிவுநீர்க் குழாய், மூடிவிடுவதாகச் சொன்னார்கள்.’ நிருபர் போய்ப் பார்க்கும்போது தகரம் இல்லை. பள்ளம் மூடி, ஜல்லி கொட்டி, மேலே தார் போட்டிருக்கிறார்கள். ஓரத்தில் இன்னும் சூடு ஆறவில்லை. டீக்கடை அண்ணன் கையைத் தூக்கிச் சிரிக்கிறார். போட்டோ எடுக்கக் குனியும்போது கண்ணில் படுகிறது, புதுத் தாருக்கு ஓர் அடி தள்ளி மஞ்சள் பெயின்டில் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் இரண்டு எண்கள். காலையில் இல்லை என்கிறார் அண்ணன். எந்தத் துறைக்காரர் போட்டார், எந்த நாளில் தோண்ட வருகிறார் என்று கேட்டுத் திங்கள் காலைப் பக்கத்தில் எழுத வேண்டும்.